தோசைத்திருப்பி எப்போது ஆயுதம் ஆகிறது?

கிரைண்டரிலிருந்து வழித்தெடுத்த மாவு ஒன்றுதான். தட்டில் ஊற்றி ஆவியில் வைத்தால் இட்லி, கல்லில் ஊற்றினால் தோசை, குழிக்கல்லில் ஊற்றினால் பணியாரம். எதில் ஊற்றினோம், எப்படி வெந்தது என்பதை வைத்தே பெயர். வீட்டுக்குள் நடக்கும் தாக்குதலை இந்தியக் குற்றவியல் சட்டம் ஏறத்தாழ இப்படித்தான் பார்க்கிறது. 'அடித்தான்' என்பது வெறும் மாவு. எதனால் அடித்தான், எவ்வளவு காயம், என்ன எண்ணம் என்ற மூன்றையும் கேட்ட பிறகுதான் அதற்குப் பிரிவு எண் கிடைக்கும்.

2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். அதற்கு முந்தையவற்றுக்குப் பழைய இ.பி.கோ. வெறுங்கையால் அடித்துக் காயப்படுத்தினால் 115(2): 1 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பிரிவு ஒன்றை மட்டும் வைத்து, மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரணையைத் தொடங்க முடியாது. அதே கையில் கத்தி இருந்து காயம் பட்டால் 118(1). சிறை 3 ஆண்டு வரை, அபராதம் 20,000 வரை. தண்டனை கூடுவதைவிட இன்னொரு மாற்றம் பெரிது: போலீஸ் மாஜிஸ்திரேட் உத்தரவுக்குக் காத்திராமல் எஃப்.ஐ.ஆர். போடலாம்.

சரி, எது ஆயுதம்? அரிவாள்மனை ஆயுதமா? தோசைத்திருப்பி? குழவிக்கல்? ஆயுதச் சட்டம் 1959-ஐப் பார்த்தால், வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்ட பொருட்களை அது ஆயுதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதனால்தான் அரிவாள்மனைக்கு யாரும் லைசென்ஸ் எடுப்பதில்லை. 118-ஆம் பிரிவோ பொருளின் பிறப்பைக் கேட்பதே இல்லை. சுட, குத்த, வெட்ட உதவும் கருவி எதுவும் அதில் அடங்கும். தாக்கப் பயன்படுத்தினால் சாவு நேரக்கூடிய எந்தப் பொருளும் அடங்கும். அதோடு நிற்கவில்லை: தீ, சூடான பொருள், விஷம், அரிக்கும் பொருள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அடுப்பில் காய்ந்த எண்ணெயை வீசினால், பழுக்கக் காய்ச்சிய கரண்டியால் சூடு வைத்தால், கத்தி வீசியவன் நிற்கும் அதே பிரிவில்தான் அவனும் நிற்பான். ஆசிட் என்றால் 124-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. நிரந்தரச் சேதமோ தீக்காயமோ உருச்சிதைவோ ஏற்படுத்தினால் குறைந்தது 10 ஆண்டு.

கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் கல் அபாயகரமான ஆயுதமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு 2005-இல் வந்தது. எல்லாக் கல்லும் ஆயுதம் என்றோ, எந்தக் கல்லும் ஆயுதமல்ல என்றோ நீதிமன்றம் சொல்லவில்லை. அதன் அளவு, கூர்மை, பயன்படுத்திய விதம் ஆகியவற்றை அந்தந்த வழக்கில் பார்த்து முடிவுசெய்ய வேண்டும் என்றது. மத்து விளையாட்டாகத் தோளில் பட்டதும், அதே மத்து மண்டையில் இறங்கியதும் ஒன்றாகாது.

அடுத்து, எவ்வளவு வெந்தது? எலும்போ பல்லோ முறிந்தால், ஒரு கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போனால், முகம் நிரந்தரமாகச் சிதைந்தால், 15 நாள் கடும் வலியில் கிடந்தால் அல்லது அன்றாட வேலை செய்ய முடியாமல் போனால் அது கொடுங்காயம். பழைய சட்டத்தில் இது 20 நாள். ஆயுதத்தால் கொடுங்காயம் என்றால் 118(2): குறைந்தது 1 ஆண்டு, 10 ஆண்டு வரை போகலாம், ஆயுள் தண்டனையும் தரலாம். கொல்லும் எண்ணம் தெரிந்தால் காயம் சிறிதானாலும் 109, கொலை முயற்சி. கத்தியைக் காட்டி 'வெட்டிடுவேன்' என்று மிரட்டியது மட்டும்தான் என்றாலும் 351(3) உண்டு; 7 ஆண்டு வரை சிறை. தாக்கியவர் கணவரோ அவருடைய உறவினரோ என்றால், கொடுமைக்கான 85-ஆம் பிரிவும் இவற்றோடு சேரலாம்.

எஃப்.ஐ.ஆர். போட்டதுமே கைது என்று நினைக்க வேண்டாம். 7 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் தானாகக் கைது செய்யக் கூடாது, காரணத்தை எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் வரையறுத்தது. ஆகவே 118(1)-இல் நோட்டீஸோடு ஆள் வீடு திரும்பலாம். 118(2)-க்கும் 109-க்கும் அந்த வரம்பு பொருந்தாது. மருத்துவரின் காயச் சான்றிதழில் 'எலும்பு முறிவு' என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்பது ஒரு பெண் அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவாளா என்பதையே மாற்றிவிடும்.

எனக்கு மிகவும் கவலை தருவது இந்த இடம்தான். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், அதைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். 'எப்படிம்மா அடிபட்டது?' என்று டாக்டர் கேட்கும்போது, அடித்தவனே பக்கத்தில் நிற்பான். 'வழுக்கி விழுந்துட்டேன் சார்' என்பாள். அது அப்படியே பதிவாகும். பிறகு மகளிர் காவல் நிலையத்தில் எழுதும் புகாரிலும் 'அடித்தார்' என்று மட்டும் இருந்தால், கத்தியைப் பற்றிப் பின்னால் நீதிமன்றத்தில் சொல்லும்போது எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். வேகும்போது போடாத உப்பை இலையில் தூவினால் காய்க்குள் இறங்காது. எதனால் தாக்கினார், எந்தக் கையில் வைத்திருந்தார், எங்கே பட்டது என்பதை முதல் வாயிலேயே சொல்ல வேண்டும். கத்தி கைப்பற்றப்படாததாலேயே வழக்கு விழுந்துவிடாது, நம்பத்தக்க சாட்சி இருந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. என்றாலும் ரத்தத்தைத் துடைத்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடும் பழக்கம் நம் பெண்களுக்குக் கைவந்தது. அன்று ஒரு நாள் அடுப்படியை அப்படியே விட்டுவிடுங்கள்.

இத்தனையும் அடுப்பின் ஒரு பர்னர். இன்னொன்றும் இருக்கிறது: 2005-இல் இயற்றப்பட்ட குடும்ப வன்முறையிலிருந்து பெண்கள் பாதுகாப்புச் சட்டம். முதல் பர்னர் நடந்ததற்குத் தண்டிக்க. இது இனி நடக்காமல் தடுக்க. இரண்டையும் ஒரே நேரத்தில் பற்றவைக்கலாம். மகனால் தாக்கப்படும் தாயும், திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழும் பெண்ணும்கூட இதில் வரலாம். பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ நேரடியாகவோ மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். 181-க்கு அழைத்தால் வழிகாட்டுவார்கள். முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள் நடக்க வேண்டும். அவசரமென்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு போடலாம். அவளை நெருங்கக் கூடாது, அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போகக் கூடாது என்று நீதிமன்றம் தடுக்கலாம். அவனை வீட்டைவிட்டு வெளியேறவும் சொல்லலாம்.

ஜாமீனில் வந்தவன் பாதுகாப்பு உத்தரவை மீறி மறுபடி வாசலில் வந்து நின்றால், அந்த மீறலே தனிக் குற்றம்: 1 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த உத்தரவின் நகலை நீதிமன்றம் அவளுக்கும் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கும் இலவசமாகத் தர வேண்டும். கதவு தட்டப்படும் இரவில் எடுத்துக் காட்ட அந்தத் தாள் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.