ஃபன்டாஸ்டிக் ஃபோர் இதழ் 11

ஃபன்டாஸ்டிக் ஃபோர் இதழ் 11 என்பது அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் பெப்ரவரி 1963 என்று அட்டையில் திகதியிட்டு வெளியிட்ட ஒரு வரைகதை இதழ் ஆகும். இதனை ஸ்டான் லீ எழுதினார். ஜாக் கிர்பி வரைந்தார். எதிரியுடன் போரிடும் வழமையான ஒரே கதைக்குப் பதிலாக இவ்விதழில் இரு கதைகள் இடம்பெற்றன. முதற்கதை நான்கு மீநாயகர்களின் அன்றாட வாழ்வையும் குடும்ப உறவையும் காட்டியது. இரண்டாம் கதை இம்பாசிபிள் மேன் என்னும் வேடிக்கையான வேற்றுக்கோள் வாசியை அறிமுகப்படுத்தியது.

இவ்விதழ் வாசகர் கடிதங்களுடன் இருவகையில் தொடர்புடையது. வாசகர்கள் அதுவரை எழுதிவந்த குறைகளுக்கு மறுமொழியாக முதற்கதை அமைந்தது. இரண்டாம் கதையை வாசகர்கள் விரும்பாததால் அதில் வந்த பாத்திரம் 13 ஆண்டுகள் மீண்டும் தோன்றவில்லை. வரைகதைத் துறையில் வாசகர்களுக்கும் படைப்பாளிகளுக்கும் இடையே ஏற்பட்ட உரையாடலை அறிய இவ்விதழ் நல்ல எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

ஃபன்டாஸ்டிக் ஃபோர் தொடரின் முதல் இதழ் நவம்பர் 1961 எனத் திகதியிடப்பட்டு வெளிவந்தது. விண்வெளிப் பயணத்தின்போது அண்டக் கதிர்களால் தாக்கப்பட்டு வியத்தகு ஆற்றல்களைப் பெற்ற நால்வரின் கதை இது. அறிவியலாளர் ரீட் ரிச்சர்ட்ஸ் உடலை விரும்பியவாறு நீட்டக்கூடியவர். சூ ஸ்டார்ம் கண்ணுக்குப் புலப்படாமல் மறையக்கூடியவர்; அந்நாளில் இவர் இன்விசிபிள் கேர்ள் என அழைக்கப்பட்டார். சூவின் தம்பி ஜானி ஸ்டார்ம் தீப்பிழம்பாக மாறிப் பறப்பவர். ரீடின் நண்பரான விமானி பென் கிரிம் பாறை போன்ற உருவம் பெற்று, பழைய உருவத்திற்குத் திரும்ப இயலாமல் வருந்துபவர்.

அக்கால மீநாயகர்களுள் பலர் முகமூடி அணிந்து, தம் உண்மைப் பெயரை மறைத்து வாழ்ந்தனர். இந்நால்வருக்கோ அத்தகைய மறைவு வாழ்க்கை இல்லை. அவர்கள் யார், எங்கு வாழ்கிறார்கள் என்பதை நியூயார்க் நகரமே அறிந்திருந்தது. ஒரே கட்டடத்தில் வாழ்ந்து, தமக்குள் சண்டையிட்டு, பின் சமாதானமாகும் ஒரு குடும்பமாகவே அவர்கள் காட்டப்பட்டனர். சண்டைக் காட்சி இல்லாமலேயே ஒரு கதையை எழுதுவதற்கு இவ்வமைப்பு இடமளித்தது.

வாசகர் கடிதப் பகுதி

தொடரின் 3ஆம் இதழ் (மார்ச் 1962) முதல் வாசகர் கடிதங்களுக்கெனத் தனிப்பக்கம் ஒதுக்கப்பட்டது. 10ஆம் இதழில், கடிதங்களை "அன்புள்ள ஆசிரியருக்கு" என்று தொடங்க வேண்டாம் என்றும், ஸ்டான், ஜாக் எனப் பெயர் சொல்லியே எழுதலாம் என்றும் வாசகர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். அதே இதழின் கதையில் லீயும் கிர்பியும் பாத்திரங்களாகவே தோன்றினர்.

கடிதங்களுக்கு வணிக முக்கியத்துவமும் இருந்தது. அந்நாளில் வரைகதைகள் பெரும்பாலும் செய்தித்தாள் கடைகளில் விற்கப்பட்டன. விற்காத படிகளைக் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பலாம். ஆகவே ஓர் இதழ் உண்மையில் எத்தனை படிகள் விற்றது என்பதைப் பதிப்பாளர் அறியப் பல மாதங்கள் சென்றன. அதற்கு முன்பே வாசகரின் மனநிலையைத் தெரிவித்தவை கடிதங்களே ஆகும். விற்பனைக் கணக்கு ஓர் இதழ் விற்றதா இல்லையா என்பதை மட்டுமே காட்டியது. எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்பதைக் கடிதங்கள் காட்டின.

கடிதம் எழுதியவர்களுள் சிலர் பிற்காலத்தில் எழுத்தாளர்களாகவும் புகழ்பெற்றனர். புதின ஆசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் சிறுவனாக எழுதிய கடிதம் ஒன்று 20ஆம் இதழில் (நவம்பர் 1963) வெளிவந்தது.

முதற்கதை

முதற்கதையின் தலைப்பு "ஃபன்டாஸ்டிக் ஃபோருடன் ஒரு சந்திப்பு" எனப் பொருள்படும். நால்வரும் நகரத் தெருவில் நடந்து செல்லும்போது, கடையொன்றின் முன் மக்கள் வரிசையில் நிற்பதைக் காண்கின்றனர். தங்களைப் பற்றிய புதிய வரைகதை இதழை வாங்கவே அவ்வரிசை என்று அறிகின்றனர். கதையுலகில் மார்வெல் நிறுவனம் அந்நால்வரின் உண்மை நிகழ்ச்சிகளை வரைகதையாக வெளியிடுகிறது என்பதே இங்குள்ள கற்பனை. தங்களைப் போல வேடமிட்டு விளையாடும் சிறுவர்களையும் அவர்கள் சந்தித்து, தம் ஆற்றல்களைக் காட்டி மகிழ்விக்கின்றனர்.

பின்னர், அவர்கள் வாழும் பாக்ஸ்டர் கட்டடத்திற்கு வில்லி லம்ப்கின் என்னும் முதிய தபால்காரர் கடித மூட்டையுடன் வருகிறார். காதுகளை அசைக்கும் திறமை தனக்கு உண்டு என்றும், ஆகவே தன்னையும் குழுவில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அவர் கேட்கிறார். லம்ப்கின் இக்கதைக்கெனப் புதிதாகப் படைக்கப்பட்டவர் அல்லர். ஸ்டான் லீயும் ஓவியர் டான் டிகார்லோவும் இணைந்து உருவாக்கிய செய்தித்தாள் நகைச்சுவைத் தொடர் ஒன்றின் நாயகராக அவர் முன்பே இருந்தார்.

இக்கதை நால்வரின் கடந்த காலத்தையும் கூறுகிறது. ரீடும் பென்னும் பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். இரண்டாம் உலகப் போரில் பென் போர் விமானியாகவும், ரீட் அமெரிக்க உளவுப் பிரிவிலும் பணியாற்றினர். அக்காலம் முதலே ரீட் தன் அண்டை வீட்டுப் பெண்ணான சூவை நேசித்தார். சண்டைக் கதைகளில் கூற இடமில்லாத இச்செய்திகள் இங்கே உரையாடல் வழியாக வாசகரை அடைந்தன.

சூ ஸ்டார்ம் பற்றிய விவாதம்

முதற்கதையின் மையப்பகுதி நகைச்சுவையானது அன்று. வந்த கடிதங்களைப் படிக்கும் சூ மனம் உடைகிறார். அவர் குழுவிற்குப் பெரிதாக எதுவும் செய்வதில்லை என்றும், அவர் இல்லாவிடில் குழு மேலும் சிறப்பாக இருக்கும் என்றும் சிலர் அக்கடிதங்களில் எழுதியுள்ளனர். இது வெறும் கற்பனை நிகழ்ச்சியன்று. உண்மை வாசகர்களிடமிருந்து வந்த குறைகூறலையே லீயும் கிர்பியும் கதைக்குள் கொண்டுவந்தனர்.

ஏனையோர் சூவுக்காகப் பரிந்து பேசுகின்றனர். ரீட், ஆபிரகாம் லிங்கனின் தாயை உதாரணமாகக் காட்டுகிறார். லிங்கன் தன் உயர்வுக்கெல்லாம் தாயே காரணம் என்று கூறியதை நினைவூட்டி, போரில் நேரடியாகப் பங்கேற்பது மட்டுமே பயன் அன்று என வாதிடுகிறார்.

இவ்வாதம் பிற்கால வாசகர்களால் பெரிதும் விமர்சிக்கப்பட்டது. சூவைக் காக்கும் நோக்கில் கூறப்பட்டாலும், ஆண்களுக்கு ஊக்கமளிப்பதே பெண்ணின் பங்கு என்ற 1960களின் எண்ணம் அதில் வெளிப்படுகிறது. உண்மையில் சூவின் செயல்களையே சான்றாகக் காட்டியிருக்க முடியும். 5ஆம் இதழில் டாக்டர் டூம் என்னும் எதிரியின் பொறியிலிருந்து மற்ற மூவரையும் காப்பாற்றியவர் சூவே ஆவார்.

வாசகர்களின் குறைகூறலிலும் இரு கூறுகள் உண்டு. பெண் பாத்திரத்தின் மீதான ஏளனம் ஒன்று. மற்றையது கதையமைப்பு பற்றிய நியாயமான கேள்வி. மற்ற மூவரின் ஆற்றல்களும் தாக்குதலுக்குப் பயன்பட்டன; சூவின் ஆற்றல் மறைந்துகொள்வதற்கு மட்டுமே பயன்பட்டது. ஆகவே அவர் அடிக்கடி பிணையாகப் பிடிபடுபவராகவே எழுதப்பட்டார். குறை பாத்திரத்தில் அன்று, அவருக்கு அளிக்கப்பட்ட ஆற்றலிலும் பணியிலுமே இருந்தது.

இரண்டாம் கதை

இம்பாசிபிள் மேன் பாப்பப் என்னும் கோளிலிருந்து விடுமுறையைக் கழிக்கப் பூமிக்கு வருகிறான். நினைத்த உருவத்தை நொடியில் எடுக்கும் ஆற்றல் அவனுக்கு உண்டு. தீய எண்ணம் எதுவும் இல்லை எனினும் அவனது விளையாட்டால் நகரில் குழப்பம் ஏற்படுகிறது. நால்வரும் முயன்றும் அவனை வெல்ல இயலவில்லை. முடிவில் ரீட் எளிய வழி ஒன்றைக் கண்டறிகிறார். எவரும் அவனைக் கவனிக்கக்கூடாது என்று மக்களிடம் கூறுகிறார். கவனிப்பாரின்றிச் சலிப்படைந்த இம்பாசிபிள் மேன் பூமியை விட்டுச் செல்கிறான்.

வாசகர் எதிர்வினை

இரண்டாம் கதைக்கு நல்ல வரவேற்புக் கிடைக்கவில்லை. இம்பாசிபிள் மேனின் தோற்றமும் செயல்களும் மிகவும் சிறுபிள்ளைத்தனமாக இருப்பதாகப் பலர் கருதினர். சூப்பர்மேன் கதைகளில் 1944 முதல் இத்தகைய குறும்புக்கார மாயப் பாத்திரம் ஒன்று இருந்துவந்தது. மற்ற நிறுவனங்களின் கதைகளைவிட உண்மைத்தன்மை மிகுந்தது என்பதற்காகவே இத்தொடரை விரும்பியவர்களுக்கு, அதே வகைப் பாத்திரம் இங்கும் வந்தது ஏமாற்றம் அளித்திருக்கலாம்.

எனினும் வாசகர்கள் நகைச்சுவையையே வெறுத்தனர் எனக் கொள்ள முடியாது. பென்னும் ஜானியும் ஒருவரையொருவர் சீண்டும் காட்சிகள் தொடரின் விருப்பமான கூறாக நீடித்தன. காதுகளை அசைக்கும் தபால்காரரும் தொடரில் நிலைபெற்றார். மனிதர்களின் இயல்பிலிருந்து பிறந்த நகைச்சுவை நிலைத்தது. தனிப் பாத்திரமாக வெளியிலிருந்து புகுத்தப்பட்ட வேடிக்கை நிலைக்கவில்லை என்பதே இதிலிருந்து அறியக்கூடியது.

பிற்கால மாற்றங்கள்

சூ பற்றிய குறைகூறலுக்குக் கதைக்குள் அளிக்கப்பட்ட மறுமொழி போதுமானதாக அமையவில்லை. ஓராண்டு சென்று 22ஆம் இதழில் (சனவரி 1964) அவருக்குப் புதிய ஆற்றல்கள் கிடைத்தன. கண்ணுக்குப் புலப்படாத காப்புச் சுவரை உருவாக்கவும், பிற பொருள்களை மறையச் செய்யவும் அவரால் முடிந்தது. இக்காப்புச் சுவர் தாக்கவும் காக்கவும் பயன்பட்டதால், காலப்போக்கில் சூ குழுவின் மிக வலிமை வாய்ந்த உறுப்பினராகக் கருதப்படும் நிலை ஏற்பட்டது. ஜான் பைர்ன் எழுதி வரைந்த 284ஆம் இதழில் (நவம்பர் 1985) அவர் கேர்ள் என்னும் பெயரைக் கைவிட்டு, இன்விசிபிள் வுமன் எனப் பெயர் மாற்றிக்கொண்டார்.

குடும்பக் கதை என்னும் இழையும் வளர்ந்தது. 1965இல் வெளிவந்த 3ஆம் ஆண்டு மலரில் ரீட், சூ திருமணம் நடைபெற்றது. அழைப்பின்றி வந்த லீயும் கிர்பியும் திருமண மண்டபத்திற்குள் அனுமதிக்கப்படாமல் திருப்பி அனுப்பப்படுவதாக அக்கதை முடிகிறது. 1968ஆம் ஆண்டின் 6ஆம் ஆண்டு மலரில் அவர்களுக்கு ஃபிராங்க்ளின் என்னும் மகன் பிறந்தான்.

வில்லி லம்ப்கின் 2005இல் வெளிவந்த ஃபன்டாஸ்டிக் ஃபோர் திரைப்படத்திலும் இடம்பெற்றார். அவ்வேடத்தில் நடித்தவர் ஸ்டான் லீயே ஆவார்.

உலகப் போர் பற்றிய செய்தி மட்டும் காலத்திற்கு ஈடுகொடுக்கவில்லை. பாத்திரங்களுக்கு வயது கூடாமல் தொடர் பல பத்தாண்டுகள் நீடித்ததால், 1940களில் போரில் பங்கேற்றவர்கள் என்ற குறிப்பு பொருந்தாமல் போய், பிற்காலக் கதைகளில் தவிர்க்கப்பட்டது.

இம்பாசிபிள் மேனின் மீள்வருகை

இம்பாசிபிள் மேன் 1976இல் தொடருக்குத் திரும்பினான். அவனை மீண்டும் கொண்டுவந்த எழுத்தாளர் ராய் தாமஸ், 1965இல் மார்வெலில் சேரும் முன்னர் இத்தொடருக்குக் கடிதங்கள் எழுதிய வாசகர்களுள் ஒருவர் ஆவார். ஸ்டான் லீக்குப் பின் 1972இல் அவர் மார்வெலின் தலைமை ஆசிரியராகவும் பணியாற்றினார்.

175ஆம் இதழில், கோள்களை உண்டு வாழும் கலாக்டஸ் பாப்பப் கோளை உண்கிறான். 176ஆம் இதழில் (நவம்பர் 1976), ஜார்ஜ் பெரெசின் ஓவியத்தில், இம்பாசிபிள் மேன் நியூயார்க் நகருக்கு வருகிறான். மார்வெல் அலுவலகத்திற்கே சென்று, தன் பெயரிலும் ஒரு வரைகதை வேண்டும் எனக் கேட்டு அமளி செய்கிறான். ஒரு காலத்தில் வாசகர்களால் ஒதுக்கப்பட்ட பாத்திரம் தன்னை வெளியிடுமாறு பதிப்பாளரிடமே வாதிடுவது இக்கதையின் நகைச்சுவையாகும்.

1980இல் வெளிவந்த மார்வெல் டூ-இன்-ஒன் 60ஆம் இதழில் அவனுக்கு இம்பாசிபிள் வுமன் என்னும் துணை தோன்றினாள். பின்னர் பிள்ளைகளும் உண்டாயினர். குடும்பக் கதையுடன் சேர்ந்து ஒரே இதழில் அறிமுகமான அவன், இறுதியில் தானும் ஒரு குடும்பத்தவன் ஆனான்.

முக்கியத்துவம்

இவ்விதழில் உலகம் அழியும் ஆபத்து எதுவும் இல்லை. புகழ்பெற்ற எதிரி எவரும் அறிமுகமாகவில்லை. ஆயினும் தொடரின் போக்கைத் தீர்மானித்த சில கேள்விகள் இங்குதான் வெளிப்படையாக எழுப்பப்பட்டன. போர் இல்லாத நாளிலும் இந்நால்வரைப் பற்றி அறிய வாசகர் விரும்புவாரா என்பது ஒன்று. ஒரு குழுவில் ஒருவரின் மதிப்பை எதனைக் கொண்டு அளப்பது என்பது மற்றொன்று. முதற் கேள்விக்குப் பிற்காலத் திருமண, பிள்ளைப்பேற்றுக் கதைகள் விடையளித்தன. இரண்டாம் கேள்விக்கு லிங்கனின் தாய் பற்றிய உரை விடையாகவில்லை. சூவுக்குச் செயலாற்ற வாய்ப்பளித்த பிற்காலக் கதைகளே விடையாயின.