ஜிலேபிக் கெண்டையின் ஆண் போட்டியும் ஜலத்திற் கரையும் செய்தியும்

கோடையில் குளத்து ஜலம் வற்றித் தெளியுங்கால், கரையோரத்தில் ஆழமில்லாத இடங்களில் வட்டவட்டமான குழிகள் அடுத்தடுத்து இருப்பதை நமது குடியானவர்களிற் பலர் கண்டிருக்கலாம். இவை மாட்டின் குளம்படியுமல்ல, நண்டின் வளையுமல்ல. ஜிலேபிக் கெண்டை என்னும் மீனின் ஆண்கள், வாயினால் மண்ணைக் கவ்வி அப்பால் உமிழ்ந்து உண்டாக்கிய குழிகளேயாம். குழிக்கு ஓர் ஆண் காவல் நிற்கும். பெண் மீன் அக்குழியில் முட்டையிட்டு, உடனே அவற்றைத் தன் வாயில் எடுத்துக்கொண்டு சுமார் 3 வாரம் அடைகாக்கும்.

இம்மீன் தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் ஜாம்பசி முதலிய நதிகளுக்குரியது. ஜாவாவின் தென்கடற்கரையில் முஜாயர் என்பவர் இதனைக் கண்டெடுத்துக் குளத்தில் வளர்த்தார். இன்றும் அத்தேசத்தில் இம்மீனுக்கு அவர் பெயரே வழங்குகிறது. நமது தேசத்திற்கு 1952-ல் கொண்டுவரப்பட்டு, மண்டபத்தில் முதலில் விடப்பட்டது. அளவின்றிப் பெருகும் அதன் இயல்பு தெரிந்தபின், 1959-ல் இதனைப் பரப்புதல் தடுக்கப்பட்டது. அதற்குள் மீன் ஏரிகளிற் பரவிவிட்டது. உஷ்ணமான ஜலத்தில் சுமார் 3 மாதத்திலேயே இது இனவிருத்திக்குத் தயாராகிறது. ஆகவே குட்டை முழுவதும் விரலளவுக் குஞ்சுகளால் நிரம்பி, இரை போதாமல், விற்பனைக்குரிய மீன் ஒன்றும் கிடைப்பதில்லை. இந்நஷ்டத்தை அனுபவித்தவர்கள் இம்மீன் இனம்பெருக்கும் விதத்தை அறிதல் நலம்.

குழியைக் காக்கும் ஆண் கரிய நிறமும், வெண்ணிறத் தாடையும், செந்நிறமேறிய செட்டை விளிம்பும் உடையதாயிருக்கும். தோற்ற ஆண்களும் பெண்களும் மங்கிய சாம்பல் நிறத்தினவே. அயல் ஆண் குழியருகே வருமாயின், காவல் மீன் செட்டைகளை விரித்து, வாலினால் ஜலத்தை அடித்து, அதற்கும் அஞ்சாவிடில் வாயோடு வாய் கவ்விப் போர்புரியும். இதுவரை கண்ணாற் காணக்கூடியது. காணக்கூடாத மற்றொரு ஆயுதமும் அதனிடம் உண்டு. அதுதான் சிறுநீர்.

நன்னீர் மீன்களின் உடலுக்குள் செவுள் வழியாக ஜலம் ஓயாமற் புகுவதால், அதனைச் சிறுநீராக வெளிவிடுதல் எல்லா மீன்களுக்கும் அவசியமே. ஆனால் வென்ற ஆண் மீன் அதனைப் பையில் தேக்கிவைத்துக்கொண்டு, எதிரி முன்னிலையிலும், முட்டையிடத் தயாரான பெண்ணின் முன்னிலையிலும் சிறுசிறு பீய்ச்சல்களாக விடுகிறது. அதன் சிறுநீர்ப்பை, தோற்ற மீனின் பையைவிடப் பெரிதாயும் தசை தடித்ததாயும் இருக்கிறது. போர் நடக்குங்கால் இருதிறத்தாரும் சிறுநீர் விடுவதும், தோல்வியை ஒப்புக்கொண்ட மீன் அதனை நிறுத்திக்கொள்வதும் கவனிக்கத்தக்கன. நமது சண்டைக்காரர்களிடமும் இவ்வழக்கம் இருந்தால் கோர்ட்டுச் செலவு குறையும்!

போர்ச்சுகல் தேசத்து ஃபாரோ நகரிலுள்ள அல்கார்வே சர்வகலாசாலையார் இது விஷயமாகப் பல ஆண்டுகள் பரீட்சை செய்துள்ளனர். ஆண் மீனுக்கு எதிரே கண்ணாடி வைத்தால், தன் நிழலையே எதிரியென்று கருதிப் பாயும். அப்பொழுது வென்ற மீனின் சிறுநீரை ஜலத்திற் சேர்க்க, அதன் சீற்றம் தணிந்தது. சிறுநீர் விட முடியாதவாறு செய்யப்பட்ட ஆண்களின் போர் முற்றிக் கடுமையாயிற்று. எனவே இச்செய்தி போரை மூட்டுவதன்று, தணிப்பதேயாகும். பல் உடையுமுன்னே பலத்தை அறிவிக்கிறது.

2014-ல் அச்சிறுநீரிலிருந்து இரண்டு ஸ்டீராய்டு வஸ்துக்களைப் பிரித்தறிந்தனர். இவற்றைப் பெண்மீன் மூக்கினால் உணர்ந்தவுடன், முட்டையை முதிரச்செய்யும் சுரப்பு அதன் உடலில் அதிகரிக்கிறது. விசித்திரம் என்னவெனில், இவை மாத்திரம் ஆண்களின் சீற்றத்தைத் தணிக்கவில்லை. அதற்குச் சிறுநீரிலுள்ள வேறு வஸ்துக்களும் சேரவேண்டும் என்பது 2016-ல் வெளியாயிற்று.

ஆகவே பெண்மீன் ஆணின் குழியையும் நிறத்தையும் மட்டும் கண்டு முட்டை முதிரப்பெறுவதில்லை. ஜலத்தின் வாசனையும் அதற்குத் துணை. தொட்டியிற் கண்டது இத்துணையே. குளத்தில் மழைநீரும் காற்றும் கலக்குமிடத்து இதனைக்கொண்டு இனவிருத்தியை அடக்கலாம் என்று எவரேனும் கூறினால், நமது வாசகர்கள் பணம் கொடுத்து ஏமாறவேண்டாம்.

கைவசமுள்ள உபாயங்கள் வேறு. குஞ்சுகளைத் தின்னும் விராலை உடன்விடுதல் ஒன்று. ஆண்களை மாத்திரம் பொறுக்கி வளர்த்தல் மற்றொன்று. ஆண்கள் பெண்களைவிட விரைவாகப் பருக்குமாதலின் இதில் இரட்டை லாபம். (திலாப்பியா வளர்ப்பதற்கு மீன்வளத் துறையின் அனுமதி முன்னதாகப் பெறவேண்டும்.) மீனை மல்லாத்திப் பார்த்தால், ஆணுக்கு மலத்துவாரம் நீங்கலாக ஒரு துவாரமும், பெண்ணுக்கு இரண்டும் காணப்படும். குஞ்சு மிகச் சிறிதாயிருக்கையில் இது விளங்காது. 20 அல்லது 30 கிராம் எடை வந்தபின் பார்த்தல் உத்தமம். சற்று நீலச் சாயம் தடவினால் துவாரங்கள் தெளிவாகத் தெரியும். ஐயமுள்ள மீனைக் குட்டையில் விடாது ஒதுக்கிவிடுக.