ப்ராசசருடன் வந்த கூலர் போதுமா? நீங்களே அளந்து பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர், சில மாதங்கள் சென்றபின் ஒரே குறையைச் சொல்வார்கள். "முதலில் வேகமாகத்தான் இருந்தது. இப்போது ஃபேன் சத்தம் அதிகமாகிவிட்டது. ஏதாவது பெரிய வேலை கொடுத்தால் திணறுகிறது." இதைக் கேட்பவர்கள் உடனே தரும் ஆலோசனை, "பெட்டியில் வந்த கூலர் சரியில்லை. வேறு கூலர் வாங்கிப் போடுங்கள்" என்பதாகும். நானும் இதையே சொல்லி, தவறு செய்திருக்கிறேன்.

என் தங்கைக்காக இன்டெல் கோர் ஐ3-12100 ப்ராசசர் கொண்ட கம்ப்யூட்டர் ஒன்றை நானே அசெம்பிள் செய்து கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து போன் செய்தாள். "அண்ணா, ப்ராஜெக்ட் வீடியோவை ரெண்டர் செய்ய 50 நிமிஷம் ஆகுது. ஃபேன் கத்துற சத்தத்துல அம்மா டி.வி. பார்க்க முடியலைங்கிறாங்க. வெள்ளிக்கிழமை காலேஜில் கொடுக்கணும்." போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டு, புதிய கூலர் ஒன்றிற்கு ஆர்டரும் கொடுத்தேன். ஊருக்குச் சென்று கேபினட்டைத் திறந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. அதற்கு முன் கூலர் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

கூலர் செய்யும் வேலை

ப்ராசசருடன் அதே பெட்டியில் தரப்படும் கூலரை ஸ்டாக் கூலர் என்கிறோம். இதில் அலுமினியத் தகடுகள் கொண்ட ஹீட் சிங்க் ஒன்றும், அதன் மேல் ஒரு ஃபேனும் இருக்கும். ப்ராசசரின் வெப்பம் ஹீட் சிங்கிற்குச் செல்லும். ஃபேன் அதனைக் காற்றில் கலந்து வெளியேற்றும். ப்ராசசரும் ஹீட் சிங்க்கும் தொடும் பரப்புகள் பார்க்க வழவழப்பாக இருந்தாலும், இடையே நுண்ணிய காற்று இடைவெளிகள் உண்டு. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே அந்த இடைவெளிகளை நிரப்பவே தெர்மல் பேஸ்ட் பயன்படுகிறது.

ப்ராசசர் அதிகம் சூடானால் எரிந்துவிடும் என்ற பயம் தேவையில்லை. ஐ3-12100 ப்ராசசருக்கு எல்லை 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டி ரைசன் 5 5600 ப்ராசசருக்கு 90 டிகிரி. எல்லையைத் தொட்டவுடன் ப்ராசசர் தானாகவே தன் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். இதனைத் தெர்மல் த்ராட்லிங் என்பார்கள். ப்ராசசர் பிழைத்துக் கொள்ளும். நாம் பணம் கொடுத்து வாங்கிய வேகம்தான் கிடைக்காமல் போகும்.

முதலில் அளந்திடுங்கள்

எச்டபிள்யூஇன்ஃபோ, சினிபெஞ்ச் ஆகிய இரண்டு புரோகிராம்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலாவது, வெப்பநிலை, வேகம், ப்ராசசர் எடுத்துக் கொள்ளும் மின்சக்தி, ஃபேன் சுற்றும் வேகம் ஆகியவற்றைக் காட்டும். இரண்டாவது, ப்ராசசருக்கு முழு வேலை கொடுக்கும். சினிபெஞ்சை 10 நிமிடங்கள் ஓடவிட்டு, கடைசி நிமிடத்தில் தெரியும் எண்களைக் குறித்துக் கொள்ளுங்கள். தொடக்கத்தில் ஹீட் சிங்க் குளிர்ந்திருப்பதால், முதல் ஒரு நிமிடத்து எண்கள் நம்மை ஏமாற்றிவிடும்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, அறையின் வெப்பநிலை. எந்த ஃபேனாலும் ப்ராசசரை அறைக் காற்றைவிடக் குளிராக்க முடியாது. மார்கழியில் எடுத்த அளவையும் சித்திரையில் எடுத்த அளவையும் அப்படியே ஒப்பிட்டால் தவறான முடிவுக்கு வருவோம். எனவே ப்ராசசரின் வெப்பநிலையிலிருந்து அறையின் வெப்பநிலையைக் கழித்து, அந்த வித்தியாசத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். கூலரின் திறமையைச் சொல்வது இந்த எண்தான்.

இரண்டாவது, 100 என்ற எண்ணை மட்டும் பார்த்து நின்றுவிடக் கூடாது. எல்லையைத் தொட்ட ப்ராசசர் வேகத்தைக் குறைத்து அதே 100-இல் நிற்கும். கூலரில் சிறிது முன்னேற்றம் செய்தாலும் எண் மாறாது; வேகம்தான் உயரும். ஆகவே வெப்பநிலையுடன் வேகத்தையும் வாட் அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தங்கையின் கம்ப்யூட்டரில் நான் கண்டது: அறை 32 டிகிரி, ப்ராசசர் 100 டிகிரி, வேகம் 2.9 கிகாஹெர்ட்ஸ், மின்சக்தி 41 வாட். அந்த ப்ராசசர் முழு வேலையில் 4.1 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட வேண்டியது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், எது பயன் தந்தது என்று தெரியாது. ஒன்றைச் செய்து, மீண்டும் 10 நிமிடம் அளந்து, பிறகு அடுத்ததற்குச் செல்லுங்கள். திறக்கும் முன் மின் இணைப்பைக் கழற்றி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்திவிடுங்கள். கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டபின் வேலையைத் தொடங்குங்கள்.

1. தூசியை நீக்குதல்: புளோயர் அல்லது மென்மையான பிரஷ் போதும். காற்று அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக் கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுற்றவிட்டால் ஃபேன் பழுதாகலாம். இதைச் செய்தபின்னும் வெப்பநிலை 100 தான். ஆனால் வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ், மின்சக்தி 44 வாட் என உயர்ந்திருந்தது. பயன் உண்டு, போதவில்லை.

2. கூலர் சரியாக அமர்ந்துள்ளதா எனப் பார்த்தல்: இன்டெல் தன் ஸ்டாக் கூலர்களில் நான்கு மூலைகளிலும் பிளாஸ்டிக் புஷ் பின்களைத் தருகிறது. 2004-இல் வந்த எல்ஜிஏ 775 சாக்கெட் காலத்திலிருந்து தொடரும் முறை இது. செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஒரு மூலையில் பின் பாதிதான் இறங்கி நின்றது. ஒரு மூலை தூக்கினால், கூலர் ப்ராசசரை முழுமையாக அழுத்தாது. கூலர் மேல் குற்றமில்லை. பொருத்திய நான் செய்த தவறு அது.

பின்னை எடுக்க, அதன் தலையில் உள்ள அம்புக்குறி காட்டும் திசையில் திருப்பி மேலே இழுக்க வேண்டும். பொருத்தும் முன் நான்கையும் அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் திருப்பி வையுங்கள். பிறகு எதிரெதிர் மூலைகளாக, டக் என்ற சத்தம் கேட்கும் வரை அழுத்துங்கள். மதர்போர்டின் பின்புறம் பார்க்க முடிந்தால், நான்கு பின்களின் நுனிகளும் முழுதாக வெளியே வந்துள்ளனவா எனச் சோதிப்பது நல்லது.

கூலரைக் கழற்றினால் பழைய பேஸ்ட்டை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இரு பரப்புகளையும் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்தால் போதும். அதிகம் வைத்தால் அதிகம் குளிரும் என்பது தவறான எண்ணம்.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கூலரை நேராக இழுத்தால், பேஸ்ட்டில் ஒட்டிக் கொண்டு ப்ராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி வரலாம்; அதன் பின்கள் வளைந்துவிடும். கம்ப்யூட்டரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகியபின் அணைத்து, கூலரை இடம் வலமாக மெதுவாகத் திருகி எடுங்கள்.

இதன் பிறகு எடுத்த அளவு: ப்ராசசர் 81 டிகிரி, வேகம் 4.1 கிகாஹெர்ட்ஸ், மின்சக்தி 58 வாட். அதிக மின்சக்தி எடுத்தும் வெப்பநிலை குறைந்திருக்கிறது.

3. காற்றுக்கு வழி: மேஜையின் மூடிய தட்டுக்குள் இருந்த கேபினட்டை வெளியே எடுத்து வைத்தேன். உள்ளே ஃபேனுக்குக் குறுக்கே தொங்கிய கேபிள்களையும் ஓரமாகக் கட்டினேன். 81 டிகிரி 77 ஆனது. இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

கணக்கு சொல்வது என்ன?

வித்தியாசத்தை வாட்டால் வகுத்துப் பாருங்கள். தொடக்கத்தில் 68 டிகிரியை 41 வாட்டால் வகுத்தால், வாட்டிற்கு சுமார் 1.66 டிகிரி. இறுதியில் 45-ஐ 58-ஆல் வகுத்தால், சுமார் 0.78 டிகிரி. அதே கூலர், பாதிக்கும் குறைவான சூடு. இனி கோடையில் அறை 40 டிகிரிக்குச் சென்றாலும், 40-உடன் 45-ஐக் கூட்டினால் 85 தான். எல்லைக்கு இன்னும் 15 டிகிரி மிச்சம் இருக்கிறது. மே மாதத்திற்குக் காத்திருக்காமலேயே இதனை அறிந்து கொள்ள முடிகிறது.

எப்போது புதிய கூலர் வாங்கலாம்?

இவ்வளவும் செய்தபின் முழு வேலையில் வேகம் குறைகிறது என்றால் வாங்கலாம். எடுத்துக்காட்டாக, கோர் ஐ7-12700 ப்ராசசரின் அடிப்படை மின்சக்தி 65 வாட். ஆனால் உச்சத்தில் 180 வாட் வரை செல்லும். அதனை நீண்ட நேரம் தாங்குவது சிறிய ஸ்டாக் கூலருக்குக் கடினம். மதர்போர்டின் பயாஸ் அமைப்பில் இந்த மின்சக்தி வரம்பைக் குறைத்து வைப்பதும் ஒரு வழி. வேகம் சற்றுக் குறையும். சத்தமும் சூடும் நன்றாகக் குறையும்.

சத்தம் மட்டுமே தொல்லை என்றாலும், பெரிய ஃபேன் கொண்ட கூலர் வாங்குவதில் தவறில்லை. ஆனால் சாக்கெட்டைச் சொல்லி வாங்குங்கள். எல்ஜிஏ 1700 போர்டுகளில் கூலர் துளைகளின் இடைவெளி 78 மி.மீ.; அதற்கு முந்தைய எல்ஜிஏ 1200 போர்டுகளில் 75 மி.மீ. பழைய கூலர் அப்படியே பொருந்தாது. கூலரின் உயரம் கேபினட்டில் அடங்குமா என்பதையும் பார்த்துக் கொள்ளுங்கள்.

ஆர்டர் செய்த கூலரைப் பெட்டி பிரிக்காமலேயே திருப்பி அனுப்பினேன். தங்கையின் வீடியோ 36 நிமிடங்களில் ரெண்டர் ஆனது. வெள்ளிக்கிழமை கல்லூரிக்கும் போய்ச் சேர்ந்தது. "இதை அன்னிக்கே சரியா அழுத்தியிருக்கலாமே அண்ணா" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உங்கள் கம்ப்யூட்டரிலும் ஒருமுறை அளந்து, அறை வெப்பநிலை, ப்ராசசர் வெப்பநிலை, வேகம், வாட் ஆகிய நான்கு எண்களையும் தேதியுடன் ஒரு தாளில் எழுதி வைத்திடுங்கள். பின்னாளில் கம்ப்யூட்டர் திணறும்போது, கூலரில் கோளாறா, வேறெங்காவது கோளாறா என்பதை அந்தத் தாள் காட்டிக் கொடுக்கும்.