சம்பளச் சீட்டு இல்லாமல் கார் வாங்க முடியுமா?
மலையில் மரவள்ளி, கீழே கரும்பு. பணம் உண்டு, காகிதம்தான் இல்லை!

கள்ளக்குறிச்சி:-

கையில் முன்பணம் இருக்கிறது. அறுவடைக்கு அறுவடை பணமும் வருகிறது. ஆனாலும் கார் கடன் கேட்டுப் போனால் முதல் கேள்வியிலேயே பலருக்கு நாக்கு ஒட்டிக் கொள்கிறது.

"சம்பளச் சீட்டு இருக்கா? வருமான வரிக் கணக்கு கட்டியிருக்கீங்களா?"

இரண்டும் இல்லை என்றால், "அப்புறம் பார்க்கலாம்" என்று பைலை மூடி விடுகிறார்கள்.

கள்ளக்குறிச்சி சுற்றுவட்டாரத்தில் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குவோர் கொஞ்சப் பேர்தான். கரும்பு வெட்டினால் பணம். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கினால் பணம். நெல் மூட்டை ஏறினால் பணம். மரச்சிற்பம் செய்பவருக்கு ஆர்டர் வந்தால் பணம். வருமானம் இல்லாமல் இல்லை. அதைக் காட்டக் காகிதம் இல்லை என்பதுதான் சங்கதி.

அப்படியானால் இவர்கள் கார் வாங்கவே முடியாதா? முடியும். ஆனால் சூதானமாக வாங்க வேண்டும். இல்லாவிட்டால் காரும் போய், கட்டிய பணமும் போய், கடன் மட்டும் நிற்கும்.

மலையில் இரட்டைச் சிக்கல்

கல்வராயன்மலையில் நிலைமை இன்னும் சிக்கல். அந்த மலை 1976-ம் ஆண்டு வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. அதன் பிறகுதான் அரசு நிர்வாகம் முழுமையாக அங்கே நுழைந்தது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன பிறகு கல்வராயன்மலைக்குத் தனி தாலுகாவும் கிடைத்தது.

மலையாளி என்ற பழங்குடி மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக உழுது பயிரிடுகிறார்கள். ஆனால் உழுகிற நிலம் எல்லாவற்றுக்கும் பட்டா கிடையாது. வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. அதன்படி கிடைக்கும் உரிமைப் பத்திரம் வாரிசுக்குச் சேரும். விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ முடியாது. அதனால் அதை அடமானமாக வைத்துக் கடன் வாங்க வழி இல்லை.

கீழ்நாட்டு விவசாயி சிட்டா, அடங்கலை நீட்டுகிறார். மலைக்காரருக்குப் பல நேரம் அதுவும் இல்லை. மழை நாளில் ஆஸ்பத்திரிக்கு இறங்க வேண்டுமானால் வண்டி தேவை. கிழங்கை இறக்கவும் வண்டி தேவை. தேவை அதிகம் உள்ள இடத்தில்தான் காகிதம் குறைவு!

லாரிக்காரர்கள் காட்டிய வழி

சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வண்டிக் கடன் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல.

1954-ல் சென்னையில் டி.எஸ்.சந்தானம் சுந்தரம் பைனான்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். லாரி, பஸ் வாங்குவோருக்குத் தவணை முறையில் பணம் கொடுத்தது அந்தக் கம்பெனி.

அடுத்து வந்தவர் ஆர்.தியாகராஜன். இன்சூரன்ஸ் கம்பெனி உத்தியோகத்தில் இருந்தவர். 1974-ல் நண்பர்களுடன் சேர்ந்து ஸ்ரீராம் சீட்டுக் கம்பெனியைத் தொடங்கினார். 1979-ல் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ் வந்தது. பழைய லாரி வாங்கும் டிரைவருக்குக் கடன் கொடுப்பதுதான் அதன் முக்கிய வேலை. வங்கிகள் வாசலிலேயே நிறுத்திய ஆட்களை இந்தக் கம்பெனி உள்ளே அழைத்து உட்கார வைத்தது.

அங்கே பார்த்தது சம்பளச் சீட்டை அல்ல. வண்டி எந்த ரூட்டில் ஓடும், மாதம் எத்தனை நடை கிடைக்கும், டீசல், டயர் செலவு போக என்ன மிஞ்சும், ஆள் எப்படிப்பட்டவர் என்று பார்த்தார்கள். ஏற்கனவே கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டிய லாரிக்காரர் சொல்லும் சொல்லுக்கும் மதிப்பு இருந்தது.

அந்தக் கம்பெனி 2022-ல் குழுமத்தின் மற்ற கம்பெனிகளோடு இணைந்து ஸ்ரீராம் பைனான்ஸ் ஆகி விட்டது. தியாகராஜன் தன் பங்குகளை ஊழியர்களுக்கான அறக்கட்டளைக்குக் கொடுத்து விட்டார்.

சம்பளச் சீட்டு இல்லாதவரும் கடனைக் கட்டுவார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

எந்தக் காகிதம் செல்லும்?

சம்பளச் சீட்டு இல்லை என்றால் அதற்குப் பதிலாகப் பல காகிதங்கள் உண்டு. வீட்டுப் பீரோவில் கிடப்பவைதான்.

* சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போட்ட ரசீதும், பணம் வரவான வங்கிக் கணக்கும்.
* பால் கூட்டுறவுச் சங்கப் பாஸ் புத்தகம்.
* ஜவ்வரிசி ஆலை, கமிஷன் மண்டி கொடுத்த விற்பனைச் சீட்டு.
* சிட்டா, அடங்கல்.
* கடை வைத்திருப்பவருக்கு ஜி.எஸ்.டி. கணக்கு அல்லது கடை உரிமம்.
* நகைக் கடன், டிராக்டர் கடன், குழுக் கடன் எதையாவது தவறாமல் கட்டி முடித்த அத்தாட்சி.

எல்லாவற்றையும் விட முக்கியமானது வங்கிக் கணக்கு. விற்ற பணத்தை ரொக்கமாக வாங்கி மடியில் முடிந்தால் அது கடன்காரர் கண்ணுக்குத் தெரியாது. அதையே ஒரு வருடம் கணக்கில் போட்டு எடுத்தால் அதுவே வருமானச் சான்று.

விவசாய வருமானத்துக்கு மத்திய அரசு வருமான வரி கிடையாது. அதனால் கணக்குக் கட்டவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. வரி இல்லாமலே கணக்குத் தாக்கல் செய்யலாம். சிறு வியாபாரிகளுக்குப் பெரிய பேரேடு வைக்காமல், விற்றுமுதலில் ஒரு பங்கை வருமானமாகக் காட்டும் சுலபமான வழியும் உண்டு. இரண்டு வருடக் கணக்கு கையில் இருந்தால் கடன் ஆபீசில் பேச்சே மாறும்.

சிபில் பூதம்

"சிபில் இல்லீங்க, கடன் கிடையாது" என்பது அடிக்கடி கேட்கும் பதில். 300-ல் தொடங்கி 900 வரை போகிற மார்க் அது. இதுவரை கடனே வாங்காதவருக்கு மார்க்கே இருக்காது.

கடன் வாங்காதது குற்றமா? இல்லை. முதல் முறை கடன் கேட்பவரை, பழைய கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக் கூடாது என்று 2025-ல் மத்திய நிதித்துறை பாராளுமன்றத்தில் தெரிவித்தது. அதற்காகக் கடன் கொடுத்தே தீர வேண்டும் என்று அர்த்தம் இல்லை. வேறு வகையில் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும்.

தன் மார்க் என்ன என்று வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகப் பார்க்கலாம். அதற்குப் புரோக்கருக்குப் பணம் அழ வேண்டியது இல்லை.

வட்டியில் இருக்கிறது சூட்சுமம்

காகிதம் குறைந்தால் வட்டி கூடும். இது ஊர் அறிந்த கணக்கு. ஆனால் எவ்வளவு கூடுகிறது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

ஒரு உதாரணம்: ரூ.4 லட்சம் கடன். 4 வருடத் தவணை. "வட்டி பத்து பர்சென்ட்தாங்க" என்று சொல்கிறார்கள். வருடம் ரூ.40 ஆயிரம் வீதம் 4 வருடத்துக்கு ரூ.1 லட்சத்து 60 ஆயிரம் வட்டி. மொத்தம் ரூ.5 லட்சத்து 60 ஆயிரம். மாதம் சுமார் ரூ.11 ஆயிரத்து 670.

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மாதா மாதம் அசல் குறைந்து கொண்டே வருகிறதே? குறைந்த அசலுக்கும் முழு அசலுக்கான வட்டியே போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அந்தப் பத்து சதவீதம், உண்மையில் சுமார் 17½ சதவீதம்!

ஆகவே, "இது பிளாட் வட்டியா, குறையும் வட்டியா?" என்று முதலில் கேட்க வேண்டும். 2024 அக்டோபர் முதல், மொத்தச் செலவையும் உண்மையான வருட வட்டியையும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. அந்தத் தாளை வாங்கிப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து கூடவே கூடாது.

தவணை மாதத்துக்கா, அறுவடைக்கா என்பதையும் பேசிக் கொள்ளலாம். டிராக்டர் கடனில் ஆறு மாதத்துக்கு ஒரு தவணை என்பது பழக்கத்தில் உண்டு. கரும்புப் பணத்தை நம்பி மாதத் தவணைக்கு ஒத்துக் கொண்டால், ஆலைப் பணம் தள்ளிப் போகும் மாதத்தில் கந்துவட்டிக்காரர் வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டி வரும்.

மச்சான் பேரில் கார்

காகிதம் இல்லாதவர்கள் போகும் குறுக்கு வழி ஒன்று உண்டு. உத்தியோகத்தில் இருக்கும் மச்சான் அல்லது மாப்பிள்ளை பேரில் கடன் வாங்குவது.

கார் ஓட்டுவது ஒருவர், ஆர்.சி. புத்தகம் இன்னொருவர் பேரில். விபத்து நடந்தால் கோர்ட்டு நோட்டீசு ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கு வரும். தவணை நின்றால் அவர் மார்க் கெடும்.

ஜாமீன் போடுகிறவரும் யோசிக்க வேண்டும். "சும்மா ஒரு கையெழுத்துதானே மாமா" என்பார்கள். 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டப்படி, கடன் வாங்கியவருக்கு என்ன பொறுப்போ அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. ஒரு காரால் இரண்டு குடும்பங்களின் பேச்சுவார்த்தை நின்று போகலாம்.

போலிச் சம்பளச் சீட்டு தயாரித்துத் தரும் ஆசாமிகள் பக்கம் தலை வைத்தும் படுக்கக் கூடாது. அது கடன் விவகாரம் அல்ல, போலீஸ் கேஸ்.

வெள்ளைப் போர்டா, மஞ்சள் போர்டா?

சொந்த உபயோகத்துக்கு வெள்ளைப் போர்டில் கார் வாங்கி, தவணை கட்டுவதற்காக ஆள் ஏற்றுவது இன்னொரு ஆபத்து. பெர்மிட் இல்லாமல் கட்டணத்துக்கு ஓட்டினால் அபராதம் உண்டு. வளைவில் வண்டி கவிழ்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம். அல்லது நஷ்ட ஈட்டைக் கொடுத்து விட்டு உரிமையாளரிடமே வசூலிக்கலாம்.

பிழைப்புக்கு ஓட்டுவதானால் வாடகை வண்டியாகவே பதிவு செய்வது நல்லது. பழங்குடியினருக்கு இதில் தாட்கோ மூலம் ஒரு வழி இருக்கிறது. 2023-ல் வந்த தொழில் முனைவோர் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் ரூ.3½ லட்சம் வரை மானியம் என்று அறிவிக்கப்பட்டது. மீதி வங்கிக் கடன். சாதிச் சான்றிதழும், வாடகை வண்டி என்றால் அதற்கேற்ற லைசென்சும் தேவை.

வண்டியைப் பிடித்தால்?

இரண்டு தவணை நின்றதும் நடுரோட்டில் சாவியைப் பிடுங்கும் கதை ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் அடாவடி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. குண்டர்களை வைத்து வண்டி பறிப்பதை 2007-ல் சுப்ரீம் கோர்ட்டு கடுமையாகக் கண்டித்தது. சட்டப்படிதான் வண்டியைக் கைப்பற்ற வேண்டும் என்று 2011-லும் கூறியது.

பைனான்ஸ் கம்பெனி முன்னதாக நோட்டீசு கொடுக்க வேண்டும். ஏலம் விடும் முன் பணம் கட்டக் கடைசி வாய்ப்பும் தர வேண்டும். காலை 8 மணிக்கு முன்பும், இரவு 7 மணிக்குப் பிறகும் வசூல் ஆட்கள் போன் செய்து மிரட்டக் கூடாது. முறையீடு இருந்தால் முதலில் கம்பெனிக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க போன் எண்: 14448.

"வண்டியை எடுத்துட்டாங்க, கடனும் தீர்ந்துச்சு" என்று நிம்மதியாக இருந்து விடக் கூடாது. ஏலத்தில் குறைவாகப் போனால் மீதிப் பணத்துக்கு வழக்கு வரும். எனவே தவணை கட்ட முடியாத நிலை வந்தால் ஒளியாமல், நோட்டீசு வரும் முன்பே நேரில் போய்ப் பேசுவதுதான் புத்திசாலித்தனம்.

கடைசித் தவணை கட்டியாச்சா? அதோடு வேலை முடியவில்லை. கம்பெனியில் தடையில்லாச் சான்றும், படிவம் 35-ம் வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்து, ஆர்.சி.யில் இருக்கும் கடன் குறிப்பை நீக்க வேண்டும். அந்தக் குறிப்பு நீங்கிய பிறகுதான் கார் முழுசாகச் சொந்தம்!