வரப்புத் தகராறும் வாய்க்கால் நீரும்

நம் காவிரிப் படுகையில் வரப்புத் தகராறு இல்லாத ஊர் ஏது? அடுத்தடுத்த இரு வயல்காரர்கள் ஒரு சாண் வரப்புக்காக ஆண்டுக் கணக்கில் வழக்காடுவர். பேச்சுவார்த்தையும் நின்று போகும். ஆயினும் ஊர்ப் பெரியவர்கள் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வார்கள்: "வரப்புக்காகச் சண்டை போடு, மடையை அடைக்காதே." வரப்பு எவருடையது என்று மன்றம் தீர்த்துச் சொல்லப் பத்தாண்டு ஆகலாம். பயிர் பத்து நாள் கூடக் காத்திருக்காது.

பள்ளிப் பாடநூல்களைப் பற்றி எழுத வந்த இடத்தில் வயலும் வரப்பும் எதற்கு என்று கேட்கலாம். பாடநூலில் என்ன இருக்க வேண்டும் என்பது வரப்புத் தகராறு. பாடநூலுக்கும் பள்ளிக்கும் வரும் பணம் வாய்க்கால் நீர். முன்னதற்காகப் பின்னதை அடைத்த கதை உலகெங்கும் நடந்திருக்கிறது. நம் தமிழ்நாட்டிலும் நடந்திருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொடுப்பவர், எழுதுபவர், படிப்பவர்

ஒரு பாடநூலின் பின்னே மூவர் இருக்கின்றனர். பணம் கொடுப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், படிக்கும் குழந்தை மற்றொருவர். முதல் இருவருக்கும் குரல் உண்டு. மூன்றாமவருக்குக் குரல் இல்லை. ஆனால் முதல் இருவரும் மோதும்போது இழப்பு மூன்றாமவருக்கே.

நம் வட்டாரத்தில் கடல் கடந்து பொருளீட்டியவர்கள் தம் ஊர்ப் பள்ளிக்கு வகுப்பறை கட்டித் தருவது வழக்கம். நன்றிக்கு அடையாளமாக அவ்வறையின் சுவரில் அவர் பெயரைப் பொறிக்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் அவ்வறையின் கரும்பலகையில் என்ன எழுத வேண்டும் என்று அவர் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. உபயம் என்று பெயரை எழுதியே குழல்விளக்கின் வெளிச்சத்தை மறைத்துவிடும் உபயதாரரைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவர்கள் நாம். அந்தச் சிரிப்புக்குள் ஒரு பெரிய நெறி அடங்கியிருக்கிறது.

வெளிநாட்டுப் பணம் நமக்குப் புதிதன்று

நூலுக்காக அயல்நாட்டார் பணம் கொடுப்பது நம் மண்ணுக்குப் பழைய செய்தி. தரங்கம்பாடியில் சீகன்பால்கு நடத்திய பணிக்கு இலண்டனிலிருந்து அனுப்பப்பட்ட அச்சுப்பொறி 1712-இல் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்தன. பணம் அனுப்பியவர்களுக்குச் சமயப் பரப்பே நோக்கம்; அந்த அச்சகத்திலிருந்து வந்தவற்றில் அந்நோக்கம் வெளிப்படையாகவே இருந்தது.

1955-இல் அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியுடன் சென்னையில் தென்மொழிகள் புத்தக டிரஸ்ட் தோன்றியது. ஆங்கில மொழிப் புத்தகச் சங்கம் என்ற பெயரில் பிரிட்டிஷ் அரசின் மானியத்தோடு குறைந்த விலைக் கல்லூரி நூல்கள் வந்தன. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழிலேயே நூல்களை அச்சிட்டு அனுப்பியது. பழைய கல்லூரி நூலகங்களின் அலமாரிகளில் இவை அருகருகே நின்றன. உலகில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த வல்லரசுகள், நம் மாணவனின் மேசையில் ஒரே நேரத்தில் திறந்து கிடந்தன! இவை விரும்பினால் படிக்கக்கூடிய நூல்கள். இருதரப்பையும் படித்து எடைபோட மாணவனுக்கு வழி இருந்தது.

பள்ளிப் பாடநூல் அத்தகையதன்று. அது கட்டாயம். ஒரு வகுப்புக்கு ஒரு நூல். அதனால்தான் அதன் ஒவ்வொரு வரிக்கும் இத்தனை போராட்டம்.

2011: ஒட்டி மறைக்கப்பட்ட பக்கங்கள்

தமிழ்நாட்டில் மாநிலக் கல்வி வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ-இந்தியன், ஓரியண்டல் என நான்கு வகைப் பாடத்திட்டங்கள் இருந்தன. அவற்றை ஒன்றாக்க முனைவர் ச. முத்துக்குமரன் தலைமையில் 2006-இல் ஒரு குழு அமைந்தது. 2010-இல் சமச்சீர் கல்விச் சட்டம் நிறைவேறியது. 2010-11 கல்வியாண்டில் ஒன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் புதிய நூல்கள் வந்தன. மற்ற வகுப்புகளுக்கு 2011-12-இல் வர வேண்டும். நூல்களும் அச்சாகிவிட்டன.

2011 மே மாதத்தில் ஆட்சி மாறியது. நூல்களின் தரம் போதாது என்றும், முந்தைய முதலமைச்சர் மு. கருணாநிதியின் படைப்புகளும் செம்மொழி மாநாடு தொடர்பான பகுதிகளும் அரசியல் சார்புடையவை என்றும் புதிய அரசு கூறியது. திட்டத்தைத் தள்ளிவைக்க ஜூன் மாதம் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கும் உச்சநீதிமன்றத்துக்கும் போயிற்று. ஜூலை 18-இல் உயர்நீதிமன்றம் அத்திருத்தத்தைச் செல்லாதென்றது. ஆகஸ்ட் 9-இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்து, பத்து நாள்களுக்குள் சமச்சீர் கல்வியை நடைமுறைப்படுத்துமாறு ஆணையிட்டது.

பிறகு நடந்தது என்ன? ஆட்சேபத்துக்குரிய பகுதிகளின் மேல் தாள் ஒட்டப்பட்டது. சில இடங்களில் மை பூசப்பட்டது. நூல் மாணவர் கைக்கு வந்தது. மறைத்த தாளைக் கிள்ளிப் பார்க்காத சிறுவர் யார்? மறைக்கப்பட்ட பக்கத்தையே அவ்வாண்டு பிள்ளைகள் மிகக் கவனமாகப் படித்திருப்பார்கள் என்றால் மிகையாகாது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. சில பக்கங்களில் குறை இருந்தால் அவற்றை மட்டும் நீக்கலாம் என்பது தொடக்கத்திலேயே கையில் இருந்த வழி. இறுதியில் அவ்வழியே பின்பற்றப்பட்டது. இடையில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் உரிய பாடநூல் இன்றி வகுப்பறையில் உட்கார்ந்திருந்தார்கள். வரப்புத் தகராறு தீர்வதற்குள் குறுவை கருகியது போலாயிற்று.

2024: கையெழுத்தும் காசும்

2011-இல் தடைப்பட்டது நூல். 2024-இல் தடைப்பட்டது பணம். 1976-இல் நிறைவேறிய 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. ஒன்றிய அரசும் மாநில அரசும் 60-க்கு 40 என்ற விகிதத்தில் பணம் போட்டு நடத்துவது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம். 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய ஒன்றிய அரசின் பங்காகிய ரூ.2,152 கோடி நிறுத்தப்பட்டது. 2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையை ஏற்பதை உள்ளடக்கிய பி.எம். ஸ்ரீ பள்ளிகள் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததே காரணம். மும்மொழிப் பாடத்தை மறைமுகமாகத் திணிப்பது என்றது மாநிலம். எந்த மொழியையும் திணிக்கவில்லை என்றது ஒன்றியம். 2025 மே மாதம் தமிழ்நாடு உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது.

கொள்கையில் எவர் பக்கம் நியாயம் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் விளைவைப் பாருங்கள். தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு 25 விழுக்காடு இடம் தரும் சேர்க்கை, 2025-26-இல் உரிய காலத்தில் தொடங்கவில்லை. அந்தச் செலவுக்கான தொகையைக் கல்விக் கொள்கையோடு பிணைக்கத் தேவையில்லை என்று 2025 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. அக்டோபரில்தான் அப்பகுதிக்குரிய தொகை வந்து சேர்க்கை தொடங்கியது. எல்.கே.ஜி. சேர வேண்டிய குழந்தைக்கு மும்மொழியும் தெரியாது, ஒப்பந்தமும் தெரியாது.

பாலஸ்தீனத்தின் பாடநூல்கள்

ஒரு நாட்டுக்குள்ளேயே இவ்வாறென்றால், கொடுப்பவர் அயல்நாட்டாராக இருக்கும்போது சிக்கல் எத்தகையது? பாலஸ்தீனமே இதற்குச் சான்று. 1994-இல் பாலஸ்தீன ஆட்சியம் அமையும்வரை மேற்குக் கரையில் ஜோர்டான் நூல்களும், காஸாவில் எகிப்து நூல்களும் இருந்தன. 1967-க்குப் பின் அவை இஸ்ரேலியத் தணிக்கைக்கு உட்பட்டன. 2000-இல்தான் பாலஸ்தீனர் தம் சொந்தப் பாடநூலை முதன்முதலில் கையில் ஏந்தினர். அவர்களுக்கு அது வெறும் நூலன்று. இன்னும் கிடைக்காத நாட்டின் முகவரி.

ஐரோப்பிய ஒன்றியம் அந்நூல்களுக்கு நேரடியாகப் பணம் தருவதில்லை. ஆசிரியர் உள்ளிட்டோரின் ஊதியத்துக்கு உதவுகிறது. எனினும் நூல்களில் வெறுப்பும் வன்முறைப் புகழ்ச்சியும் உண்டு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஜெர்மனியின் ஜார்ஜ் எக்கர்ட் நிறுவனத்திடம் ஆய்வு ஒப்படைக்கப்பட்டு, 2021-இல் அறிக்கை வெளிவந்தது. நூல்கள் பொதுவாக யுனெஸ்கோ அளவுகோல்களைத் தழுவியுள்ளன. ஆயினும் சில இடங்களில் யூத வெறுப்புச் சாயலும் வன்முறையைப் போற்றும் போக்கும் உள்ளன என்பது அதன் சாரம். இருதரப்பினரும் தத்தமக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

அதற்கு முன் 2013-இல் அமெரிக்க அரசின் நிதியோடு, அமெரிக்க, இஸ்ரேலிய, பாலஸ்தீன அறிஞர்கள் இருநாட்டு நூல்களையும் சேர்த்தே ஆராய்ந்தனர். மறுதரப்பை மனிதரல்லாதவராகச் சித்திரிப்பது இருபுறமும் அரிது. ஆனால் மறுதரப்பின் பெயரையே தம் வரைபடங்களில் விட்டுவிடுவது இருபுறமும் மிகுதி என்று கண்டனர். அங்கும் வரப்புத் தகராறுதான்!

2021-22-இல் பாடநூல் திருத்தத்தை நிபந்தனையாக்கும் விவாதத்தில் 20 கோடி யூரோவுக்கும் மேற்பட்ட ஐரோப்பிய உதவி தாமதமாயிற்று. இஸ்ரேல் வரிப்பணத்தைப் பிடித்தம் செய்ததும் அதனோடு சேர, ஆசிரியர் ஊதியம் குறைந்தது. கிழக்கு எருசலேம் மருத்துவமனைகளில் நோயாளிகளின் சிகிச்சையும் தடைப்பட்டது. பாடநூலின் வரிக்கும் புற்றுநோயாளியின் மருந்துக்கும் என்ன தொடர்பு? 2022 ஜூனில் நிபந்தனையின்றியே பணம் விடுவிக்கப்பட்டது. 2023 அக்டோபருக்குப் பிந்தைய போரிலோ, காஸாவின் பெரும்பாலான பள்ளிக் கட்டடங்கள் சேதமுற்றன. எந்த நூல் என்ற கேள்வியே அங்கு எழ இடமின்றிப் போயிற்று.

வழி உண்டா?

கொடுப்பவர் கேள்வியே கேட்கக் கூடாது என்பது எம் கருத்தன்று. அவர் தருவதும் ஏதோ ஒரு நாட்டு மக்களின் வரிப்பணமே. வெறுப்பைக் கற்பிக்கும் வரி எந்த நூலில் இருந்தாலும் அது நஞ்சே. அதைத் திருத்தத்தான் வேண்டும். எவ்வாறு திருத்துவது என்பதே வினா.

1972-இல் ஜெர்மானிய, போலந்து அறிஞர்கள் யுனெஸ்கோ ஆதரவில் ஒரே மேசையில் அமர்ந்து இருநாட்டு வரலாற்று நூல்களையும் வரி வரியாகப் பார்க்கத் தொடங்கினர். 2006-இல் பிரான்சும் ஜெர்மனியும் மேனிலை வகுப்புகளுக்கு ஒரே வரலாற்று நூலின் முதல் தொகுதியை இரு மொழிகளில் வெளியிட்டன. மூன்று பெரும் போர்களில் மோதியவர்கள் அவர்கள்! அங்கே எந்தப் பள்ளியின் பணமும் நிறுத்தப்படவில்லை. காலம் எடுத்துக்கொண்டு பேசினார்கள்; அவ்வளவே.

ஆகவே, பணத்தின் கணக்கும் பாடத்தின் கணக்கும் தனித்தனிப் பேரேட்டில் இருக்கட்டும். ஐயமுள்ள பகுதியை இருதரப்பு அறிஞரும் ஆராயட்டும். முடிவை ஊரறிய வெளியிடட்டும். அடுத்த பதிப்பில் திருத்தட்டும். அதுவரை வகுப்பு நடக்கட்டும், ஆசிரியர் ஊதியம் பெறட்டும், குழந்தை கையில் நூல் இருக்கட்டும்.

நம்முள் பலர் நாளை ஆசிரியராகப் போகிறோம். சிலர் அதிகாரியாகலாம், சிலர் பொருளீட்டி ஊர்ப் பள்ளிக்கு உதவும் நிலைக்கும் உயரலாம். அன்று கையில் மடைப்பலகை இருக்கும்போது, வயலில் நிற்பது யாருடைய பயிர் என்பதை மறவாதிருப்போம்.