ஐஸ் ஹாக்கி: மூச்சு போகுதா, ஸ்கேட்டிங் போகுதா?

ஹாக்கின்னதும் நமக்கு டர்ஃப்தான் ஞாபகம் வரும். இன்னைக்கு நான் பேசப்போறது ஐஸ் ஹாக்கி.

1979 செப்டம்பர், நார்வே. ஒலிம்பிக்குக்குத் தயாராகிக்கிட்டிருந்த அமெரிக்க அணி, நார்வேயோட 3-3ன்னு டிரா பண்ணுது. கோச் ஹெர்ப் புரூக்ஸுக்குக் கோபம். மேட்ச் முடிஞ்சும் யாரையும் உள்ளே விடலை. கோல் லைன்ல கிளம்பி முதல் நீலக்கோடு வரை போய்த் திரும்பணும். அப்புறம் நடுச்சிவப்புக்கோடு, அடுத்த நீலக்கோடு, கடைசியா எதிர்ப்பக்க கோல் லைன். திரும்பத் திரும்ப இதேதான். அரங்கத்துல விளக்கை அணைச்ச பிறகும் நிறுத்தலை. இந்தப் பயிற்சிக்கு 'ஹெர்பி'ன்னே பேர் வந்துடுச்சு. 1980 பிப்ரவரியில் அதே அணி, 2-3ன்னு பின்தங்கியிருந்த மேட்ச்சில், கடைசி பீரியட்ல ரெண்டு கோல் போட்டு சோவியத் யூனியனை வென்றது.

அந்த ராத்திரிதான் ஜெயிக்க வச்சதுன்னு சொல்றவங்க உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது தண்டனை. டெஸ்ட்னா ஓய்வையும் அளந்து கொடுக்கணும்.

ரிப்பீட் ஸ்பிரிண்ட் டெஸ்ட்டை எடுத்துக்குங்க. ஒரு கோல் லைன்ல இருந்து எதிர் கோல் லைன் வரை முழு வேகம், சட்டுனு பிரேக், திரும்பி வந்து கிளம்பின பக்கத்து நீலக்கோட்டைத் தாண்டணும். மொத்தம் சுமார் 90 மீட்டர். 30 வினாடிக்கு ஒருமுறை விசில், ஆறு தடவை. சீக்கிரம் முடிச்சா மிச்ச நேரம்தான் ஓய்வு. ஐஸ் ஹாக்கியே அப்படித்தானே? முக்கால் நிமிஷம் உயிரைக் கொடுத்து ஆடிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிட்டு, மறுபடி இறங்கணும்.

இதில் கோச் பார்ப்பது வேகமான ஓட்டத்துக்கும் மெதுவான ஓட்டத்துக்கும் உள்ள இடைவெளியை. பசங்களுக்கு இது தெரியும். முதல் ரெண்டு ஓட்டத்தை வேணும்னே மெதுவா ஓடினா இடைவெளி குறையும்! அதனால தனியா ஒரு ஸ்பிரிண்ட் ஓடவிட்டு அந்த நேரத்தோட ஒப்பிடுறது நல்லது.

சரி, ஒருத்தர் ஆறாவது ஓட்டத்துல விழுந்துட்டார். ஸ்டாமினா இல்லைன்னு எழுதி அனுப்பிடலாமா? இங்கேதான் தப்பு நடக்குது. களைச்சதும் முழங்கால் நிமிரும், தள்ளுற தூரம் சுருங்கும், பிரேக் நீளும். போனது மூச்சா, ஸ்கேட்டிங்கா? ஐஸ்ல எடுத்த நேரத்தை மட்டும் வச்சுப் பிரிக்க முடியாது. என்ஹெச்எல் டிராஃப்ட்டுக்கு முந்தைய கம்பைன்லயோ நேர்மாறு: 30 வினாடி சைக்கிள் டெஸ்ட் உண்டு, ஐஸ்ல டெஸ்ட்டே இல்லை.

எனக்கு ரெண்டும் வேணும். சைக்கிள்ல நல்லா மிதிச்சு ஐஸ்ல சரியறவருக்கு இன்னும் ஹெர்பி கொடுத்தா, தப்பான ஸ்கேட்டிங்தான் பழகும். அவருக்குத் தேவை ஸ்கேட்டிங் கோச். ரெண்டுலயும் சரிஞ்சா அப்போ மூச்சைக் கவனிக்கலாம்.

இன்னொண்ணு, ஐஸை எப்போ சமன் பண்ணாங்கன்னும் குறிச்சு வைங்க. கடைசியா ஓடுறவருக்குக் கிடைக்கிறது மத்தவங்க கீறிப்போட்ட ஐஸ்.