மகன் கையில் உளி

நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மக்களுக்கு உரையாற்றும்போது அமர்வதற்கு மரத்தால் ஒரு மிம்பர் வேண்டும் என்று விரும்பியபோது, அதற்காகச் சொல்லியனுப்பியது ஒரு பெண்மணியிடம்தான். மதீனாவைச் சேர்ந்த அப்பெண்மணியிடம் தச்சு வேலை தெரிந்த ஒரு பணியாளர் இருந்தார். அவர் 'அல்காபா' எனும் இடத்துத் தர்ஃபா மரத்தில் அதைச் செய்து முடித்தார். ஸஹ்ல் இப்னு ஸஃத் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. ஸக்கரிய்யா அலைஹிஸ்ஸலாம் அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. நூஹ் நபியின் கப்பலைப் பற்றிக் கூறும்போது பலகைகளையும் ஆணிகளையும் அல்குர்ஆனே குறிப்பிடுகிறது.

இவற்றையெல்லாம் நாங்கள் மிம்பரில் ஏறி நின்று சொல்கிறோம், நீங்களும் கேட்கிறீர்கள். ஆனால் வீட்டுப் பிள்ளை ஒரு உளியைக் கையில் எடுத்துவிட்டால் மட்டும், "என்ன, ஓடாவியாகப் போறியா?" என்று கேட்டு அவன் முகத்தை வாடச் செய்து விடுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி தன் மகனைப் பற்றிப் பேச வந்திருந்தார். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். மகனுக்குப் பதினாறு வயது. "மௌலவி, இவன் எந்நேரமும் பலகையும் ஆணியுமாகத்தான் கிடக்கிறான். இப்ப வாப்பாவிடம் மெஷின் கேட்டு அழுகிறான். அவரும் காசு அனுப்புறேன் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கு" என்றார். அவர் சொன்ன மெஷின், இரும்பு வெட்டப் பயன்படும் சிறிய கிரைண்டர். அதில் பல் வைத்த மர வாள் தட்டைப் பூட்டி பலகை அறுக்கலாம் என்று யாரோ பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

சகோதரிகளே, அந்தத் தாயின் பயம் நியாயமானது. அந்த இயந்திரம் நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் சுற்றும். அதன் தட்டு மரத்தில் சிக்கிக்கொண்டால், இயந்திரம் முழுவதுமே பிடித்திருப்பவனை நோக்கித் துள்ளும். கையை இழுத்துக்கொள்ள நேரமிருக்காது. பல் வைத்த மர வாள் தட்டைக் கிரைண்டரில் பூட்ட எந்த வீட்டிலும் அனுமதிக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசத் தயாரில்லை.

ஆனால் அந்தப் பயத்தால் பிள்ளையின் ஆசையையே மூடிவிடுவதும் சரியல்ல. நான் அவரிடம், "அவனுடைய உளியைக் கொண்டு வரச் சொல்லுங்கள்" என்றேன். மறுநாள் கொண்டு வந்தான். முனை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. பெயின்ட் டின் திறக்க அதைத்தான் பாவித்திருக்கிறார்கள். விரலை அழுத்தித் தேய்த்தாலும் வெட்டாத அளவுக்கு மழுங்கிப் போயிருந்தது. "வெட்டாது என்பதால்தான் இதை மட்டும் உம்மா தொட விடுகிறார்" என்றான்.

இங்குதான் நம்மில் அநேகர் தவறுகிறோம். மழுங்கிய உளிதான் ஆபத்தானது. கூரான உளி இலேசாகத் தள்ளினாலே மரத்துக்குள் இறங்கும். மழுங்கிய உளிக்கு உடம்பின் பலத்தையெல்லாம் கொடுக்க வேண்டியிருக்கும். அது வழுக்கும் நொடியில் அவ்வளவு பலமும் மற்றக் கையில் போய் இறங்கும். என்னுடைய இடது உள்ளங்கையில் இன்றும் ஒரு தழும்பு இருக்கிறது. பழைய மேசையொன்றின் லாச்சியைத் திருத்தப் போய், தீட்டச் சோம்பல்பட்டு, பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் உளியைத் தள்ளியதன் விளைவு. நான்கு தையல் போட்டார்கள்.

ஆகவே பிள்ளைக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது அறுப்பதையல்ல, தீட்டுவதை. இதற்கு விலையுயர்ந்த கல் அவசியமில்லை. தடித்த கண்ணாடித் துண்டொன்றை எடுத்து, விளிம்பு கையை வெட்டாதபடி மேசையில் சமமாக வைத்து, அதன் மேல் தண்ணீரில் பாவிக்கக்கூடிய கறுப்பு ஸாண்ட் பேப்பரை ஒட்டிக்கொள்ளுங்கள். முதலில் 400, பிறகு 1000, கடைசியாக 2000 இலக்கத் தாள். உளியின் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் சாய்வாகவும் இருக்கும். தட்டைப் பக்கத்தை முதலில் கண்ணாடியோடு படிய வைத்து, முனையோரம் பளபளக்கும் வரை தேய்க்க வேண்டும். புதிதாக வாங்கிய உளிக்கும் இது தேவை. அடுத்து சாய்வுப் பக்கம். சாய்வு முழுவதும் தாளில் ஒட்டியிருக்கும்படி பிடித்து, கோணம் மாறாமல் தேய்க்க வேண்டும். சற்று நேரத்தில் மறுபக்க ஓரத்தில் மெல்லிய பிசிறு ஒன்று எழும்பும். விரலை உள்ளிருந்து முனைக்கு வெளியே இழுத்தால் அது தட்டுப்படும். ஓரத்தின் நீளத்துக்கு விரலை ஓட்டக்கூடாது. பிசிறு முனை முழுவதும் வந்த பிறகுதான் அடுத்த தாளுக்குப் போக வேண்டும். கடைசியில் தட்டைப் பக்கத்தை ஒரு தடவை மெதுவாக இழுத்தால் பிசிறு விழுந்துவிடும். பலகையின் வெட்டு முகத்தை அது சிதறாமல் சீவினால் உளி தயார்.

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அந்தச் சகோதரி சிரித்துவிட்டார். "மௌலவி, இருபது வருஷமா நான் மீன் கத்தி தீட்டுறேன். இது எனக்குத் தெரியாதா?" என்றார். உண்மைதான். ஸைனப் பின்த் ஜஹ்ஷ் ரலியல்லாஹு அன்ஹா அவர்கள் தம் கைகளால் உழைத்து, அந்த வருமானத்தை தர்மம் செய்தவர்கள் என்று படிக்கிறோம். மகனுக்குப் பக்கத்தில் அமர்ந்து நீங்களும் ஒரு உளியைத் தீட்டினால் என்ன குறைந்துவிடும்?

தீட்டக் கற்றுக்கொண்டவனுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது? பெட்டியில் அடுக்கி இருபது முப்பது சாமான்களாக விற்பார்கள், அதை வாங்காதீர்கள். அவற்றின் இரும்பு கூரைத் தாங்காது. ஒரு நல்ல கைவாள், கால், அரை, முக்கால் அங்குல உளிகள் மூன்று, ஒரு சிறிய சீவுளி, ஒரு மூலைமட்டம், அளவு நாடா, சுத்தியல், பலகையை மேசையோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இரண்டு. ஒரு வருடத்துக்கு இவ்வளவும் போதும். பழைய ஓடாவி ஒருவர் வேலையை விடும்போது அவருடைய உளிகள் விலைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

கிளாம்பை வீண் செலவென்று நினைக்க வேண்டாம். பலகை இறுக்கப்பட்டிருந்தால்தான் இரண்டு கையும் உளிக்குப் பின்னால் இருக்கும். உளியின் முனைக்கு முன்னால் கை, தொடை, வயிறு எதுவுமே இருக்கக்கூடாது. இந்த ஒன்றைப் பிள்ளை மீறினால் அன்றைய வேலையை நிறுத்திவிடுங்கள். என் தழும்பு அதன் சாட்சி.

அறுக்கும்போது பென்சில் கோட்டின் மேலேயே வாளை வைக்கக் கூடாது. கழிக்கப் போகும் பக்கத்தில், கோட்டை ஒட்டி வைக்க வேண்டும். வாள் தின்னும் மரமும் அளவில் சேரும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுவார்கள். முதலில் வாளை இரண்டு மூன்று தடவை தன் பக்கம் இழுத்துத் தடம் பதித்த பின்னரே தள்ள வேண்டும். சீவுளிக்கு மீனை நினைத்துக்கொள்ளுங்கள். தலையிலிருந்து வாலுக்குக் கையை ஓட்டினால் வழுவழுப்பாக இருக்கும். எதிர்த்து ஓட்டினால் செதிள் எழும்பும். மரத்தின் நாரும் அப்படியே. சீவும்போது மரம் பிய்ந்து வந்தால் பலகையைத் திருப்பிப் போட்டு மறுபக்கமிருந்து சீவச் சொல்லுங்கள்.

முதல் வேலை வீட்டிலேயே இருக்கிறது. ஆடும் கதிரைக் காலுக்கு ஆணி அடிக்காதீர்கள், அது மரத்தைப் பிளக்கும். காலைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, வெள்ளைப் பசை பூசிப் பொருத்தி, கால்களைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி, நடுவே ஒரு குச்சியை நுழைத்து முறுக்கினால் நன்றாக இறுகும். வழியும் பசையை ஈரத் துணியால் உடனே துடைத்து, ஒரு நாள் தொடாமல் விடுங்கள். ஆணி அடித்தே ஆக வேண்டிய இடத்தில், அதன் கூர் முனையைச் சுத்தியலால் இலேசாகத் தட்டி மழுக்கி அடித்தால் பலகை வெடிப்பது குறையும். ஸ்குரூ ஆணிக்கு முதலில் சிறு துளை இட்டு, ஆணியில் சவர்க்காரம் தேய்த்தால் சுலபமாக இறங்கும்.

கிழக்கில் மழை பெய்யும் மாதங்களில் கதவும் லாச்சியும் இறுகுகின்றன என்று எல்லா வீட்டிலும் குறை சொல்கிறோம். ஈரத்தை உறிஞ்சி மரம் அகலத்தில் பெருக்கிறது, நீளத்தில் ஏறக்குறைய மாறுவதேயில்லை. அவசரப்பட்டு மார்கழியில் கதவைச் சீவினால் வைகாசியில் அதே கதவில் இடைவெளி தெரியும். லாச்சியின் ஓரங்களில் மெழுகுதிரியைத் தேய்த்துச் சமாளியுங்கள். வெயில் வந்த பிறகும் இறுகினால் மட்டும் சீவலாம்.

மரத்தூளைப் பற்றியும் கவனம் தேவை. நாள்பட அதைச் சுவாசிப்பது நல்லதல்ல. முதிரை மரத்தின் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். முகக்கவசம் போட்டு வெளித்திண்ணையில் வேலை செய்யட்டும், சின்னப் பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். யாரும் நெருப்பு வைக்காமலேயே அது சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே தனித்தனியாக விரித்துக் காய விட்ட பிறகே வீசுங்கள்.

அந்தப் பிள்ளையின் வாப்பா கிரைண்டருக்கு அனுப்பவிருந்த காசில் மூன்று உளிகளும் ஒரு சீவுளியும் வாங்கினார்கள். அவன் செய்த முதல் சாமான் உம்மா சமையலறையில் உட்கார ஒரு குந்துப்பலகை. ஒரு பக்கம் சற்று ஆடுகிறது. திருத்தித் தருவதாகச் சொல்கிறானாம். சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகும் இந்த ஆசை இருந்தால், தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு தச்சுப் பயிற்சி பெற நம் நாட்டில் வழி இருக்கிறது என்பதையும் அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

சென்ற வாரம் அந்தச் சகோதரி மீண்டும் கேட்டது, கடல் காற்றில் உளி துருப்பிடிக்கிறதே என்பதைத்தான். தேங்காயெண்ணெய் பூசியிருக்கிறார். அது நாட்பட்டால் பிசுபிசுத்துத் தூளைப் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் இரும்பை உலர்ந்த துணியால் துடைத்து, உங்கள் தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயில் ஒரு சொட்டைத் தடவி, துணியில் சுற்றி வையுங்கள். பெயின்ட் டின் திறப்பதற்கு ஒரு பழைய கரண்டியை வேறாக ஒதுக்கிவிடுங்கள்.